விக்கல் முட்டையைக் காணோம்

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் ஓர் ஏரி இருந்தது. ஏரியைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு நாணல். அந்த நாணலுக்குள்தான் கதிர்க்குருவிகள் குடியிருந்தன.

கதிர்க்குருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், குழந்தைகளே. உடம்பு நெல்லிக்காய் அளவு, வாய் மட்டும் ஊர் அளவு. ஒரு தும்பி பறந்து போனால் போதும், அதைப் பற்றிச் சாயங்காலம் வரைக்கும் பேசும். வாலை எப்போதும் மேலே தூக்கியே வைத்திருக்கும். ஏன் என்று கேட்டால் அதைப் பற்றியும் சாயங்காலம் வரைக்கும் பேசும்.

இந்தக் குருவிகளிடம் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒருத்தி முட்டை மாதிரி இன்னொருத்தி முட்டை இருக்காது. ஒருத்தி இளநீல ஓட்டில் நெளிகோடு போடுவாள். ஒருத்தி கடுகு தெளித்தது போலப் புள்ளி வைப்பாள். இன்னொருத்தி முட்டை முழுக்கச் செங்கல் நிறத்தில் இருக்கும். இரை தேடக் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை, ஒவ்வொரு தாயும் தன் முட்டைகளை உற்றுப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் உட்காருவாள். "உட்காரும் முன்னே பாரு, இல்லாட்டி உட்கார்ந்து அழு" என்பது அவர்கள் பழமொழி.

இத்தனை ஜாக்கிரதைக்கும் காரணம் வெல்லவாயி.

வெல்லவாயி ஒரு சாம்பல் குயில். அவளுக்குக் கூடு கட்டத் தெரியாது. அடைகாக்கப் பொறுமை கிடையாது. கற்றுக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் கழுத்து சுளுக்கு என்பாள். ஆனால் பேச்சு மட்டும் வெல்லப்பாகு. கதிர்க்குருவி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, கூட்டிலிருந்து ஒரு முட்டையை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் தன் முட்டையை இட்டுவிட்டுப் பறந்துவிடுவாள். அந்த முட்டை பொரிந்துவிட்டால் முடிந்தது கதை. குயில்குஞ்சு கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளிவிடும். பிறகு கூடு முழுக்க அது ஒன்றுதான்.

ஆனால் இந்த ஏரியில் அவள் பாச்சா பலிக்கவில்லை.

ஒரு நாள் மெனக்கெட்டுக் கடுகுப் புள்ளி முட்டை ஒன்று இட்டாள். அவசரத்தில் அதை நெளிகோட்டுக்காரி கூட்டில் இட்டுத் தொலைத்தாள். நெளிகோட்டுக்காரி வந்தாள், பார்த்தாள், அலகால் ஒரு தள்ளு தள்ளினாள். முட்டை நேராகக் கீழே போய், வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓர் ஆமையின் முதுகில் பட்டு உடைந்தது.

"இன்னைக்குமா?" என்றது ஆமை. அதற்கு எப்போதும் முணுமுணுப்புதான். "நேத்தும் என் முதுகு, முந்தாநாளும் என் முதுகு. ஏம்மா குயிலு, இந்த உலகத்துல வேற ஏரியே இல்லியா?"

வெல்லவாயி ஒரு கிளையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு ஒரு பூட்டு தொங்குகிறது, எத்தனை சாவிதான் செய்வது என்று யோசித்தாள். யோசித்து யோசித்து, கடைசியில் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தாள். எல்லா வீட்டுக்காரிகளும் ஆசைப்பட்டு ஒரே மாதிரி பூட்டு வாங்கித் தொங்கவிட்டால், தனக்கு ஒரே ஒரு சாவி போதுமே.

மறுநாள் காலை நேராக மினுக்கியிடம் போனாள்.

மினுக்கி அந்த நாணலிலேயே பெருமை பிடித்த குருவி. தண்ணீர் குடிக்கப் போனால் குடிக்கமாட்டாள், தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் முட்டை பால் போல் வெள்ளை. அகலமான பக்கத்தில் சிவப்பாக ஒரே ஒரு பொட்டு.

"குயிலுக்கு இங்க என்ன வேலை?" என்றாள் மினுக்கி.

"வேலையா? அதெல்லாம் அந்தக் காலம் தாயி. நான் திருந்திட்டேன். முட்டையே போடுறதில்ல. இப்போ அழகை ரசிக்கிறதோட சரி. உன் போன வருஷத்து முட்டையோடு ஒண்ணு வெச்சிருக்கியாமே? தூரத்துலேருந்து ஒரு தடவை பார்த்துக்கிட்டுப் போயிடுறேன்."

மினுக்கி முட்டையோட்டைக் காட்டினாள். வெல்லவாயி ஒரு சிறகை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிளையில் சாய்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கண்ணு கூசுது. இத்தனை ஏரி சுத்தியிருக்கேன், இப்படி ஒரு பொட்டைப் பார்த்ததில்ல. மத்தவங்க முட்டையை எல்லாம் பக்கத்துல வெச்சுப் பார்த்தா எப்படி இருக்கும்? ஒரு போட்டி வெச்சா என்ன?"

போட்டி என்றதும் மினுக்கிக்குப் பசி தூக்கம் போய்விட்டது. அன்று மாலையே நாணல் முழுக்கச் செய்தி பரவியது. எல்லாத் தாய்மாரும் போன வருஷத்து முட்டையோடுகளைக் கொண்டுவந்து கரையில் கிடந்த ஒரு மரத்தில் வரிசையாக வைத்தார்கள். நடுவர் யார்? வெல்லவாயிதான். முட்டையே போடாதவள்தானே ஓரவஞ்சனை இல்லாமல் தீர்ப்புச் சொல்வாள்?

வெல்லவாயி மரத்தின் மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தாள். நெளிகோட்டைப் பார்த்து, "மண்புழு நடந்து போன மாதிரி இருக்கு" என்றாள். கடுகுப் புள்ளியைப் பார்த்து, "அம்மை போட்ட முகம்" என்றாள். கடைசியில் ஒரு முட்டையோட்டின் முன்னால் நின்று, தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடது" என்று மெல்லச் சொன்னாள் சிணுங்கி.

சிணுங்கி ஒரு சின்னக் குருவி. எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்குவாள். அவள் முட்டையில் பழுப்புக் கோடுகள் இங்கே தொடங்கி அங்கே போய், நடுவில் ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேல் விழுந்து, ஒரே களேபரமாக இருக்கும்.

"இது முட்டையா, கோழி கிளறின குப்பையா?" என்றாள் வெல்லவாயி.

நாணல் குலுங்கும்படி எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் மினுக்கிதான் முட்டையழகி என்று தீர்ப்பு வந்துவிட்டது. மினுக்கி ஏற்கெனவே தூக்கியிருந்த வாலை இன்னும் தூக்கப் போய், நிலைதடுமாறித் தண்ணீரில் விழுந்தாள். விழுந்ததும்கூட அழகாக இருந்தது என்று வெல்லவாயி சொன்னாள்.

"நாங்களும் பொட்டு முட்டை போட வழி இருக்கா?" என்று நெளிகோட்டுக்காரி கேட்டாள். வெல்லவாயி இதற்காகத்தானே காத்திருந்தாள்?

"ஏன் இல்லாம? கிளிஞ்சலைப் பொடிச்சு நிறையத் தின்னணும், ஓடு வெளுக்கும். முட்டை போடுற அன்னைக்கு விடியக்காலம் ஒரே ஒரு கோவைப்பழத்தைக் கடிக்காம முழுங்கணும், அதுதான் பொட்டு. முழுங்கினதுலேருந்து முட்டை வர்ற வரைக்கும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஆடக் கூடாது. ஆடினா பொட்டு கலைஞ்சுடும்."

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நாணலே தலைகீழாகிவிட்டது. கணவன்மார் எல்லாரும் கோவைக்கொடி தேடி ஓடினார்கள். ஒரு பழத்தின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இரண்டு பேர் சண்டை போட்டு, பழம் பிய்ந்து, இரண்டு பேர் முகமும் சிவப்பானதுதான் மிச்சம். தாய்மார் கிளிஞ்சலைத் தின்று தின்று, நடந்தால் வயிற்றுக்குள் கலகலவென்று சத்தம் கேட்டது. கதிர்க்குருவியைப் பேசாமல் இருக்கச் சொன்னால் இருக்குமா? விடியக்காலத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, வரிசையாக அசையாமல் நின்றார்கள். ஒரு தும்பி மூக்கில் வந்து உட்கார்ந்தது. அப்போதும் பேசவில்லை. தும்பியே பயந்துபோய்ப் பறந்துவிட்டது.

பலன் கிடைத்தது. கூட்டுக்குக் கூடு வெள்ளை முட்டை, சிவப்புப் பொட்டு. நெளிகோடு போன இடம் தெரியவில்லை. கடுகுப் புள்ளி போன இடமும் தெரியவில்லை.

சிணுங்கியும் பாடுபட்டாள். கிளிஞ்சல் தின்றாள். அவள் கணவன் கொட்டாவி ஒரு கோவைப்பழம் கொண்டுவந்தான். கொட்டாவிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று உங்களுக்கே தெரியும். அவன் அரைத் தூக்கத்தில், கொடியில் இருந்த பழங்களிலேயே பெரிய பழமாகப் பார்த்துப் பறித்து வந்திருந்தான். சிணுங்கி அதை அப்படியே விழுங்கினாள். பழம் தொண்டையில் மாட்டியது. விக்கல் பிடித்துக்கொண்டது.

சாதாரண விக்கல் இல்லை. ஒரு விக்கலுக்குக் கூடு ஆடும், மறு விக்கலுக்கு நாணல் ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு முட்டை வந்து விழுந்தது. பொட்டு இல்லை. முன்பு நேராகவாவது கிறுக்கியிருந்த கோடுகள் இப்போது விக்கலுக்கு ஒரு வெட்டு வெட்டி, குதித்துக் குதித்துப் போயிருந்தன. ஒரு பக்கம் வாலோடு ஒரு கறை வேறு.

"என்னங்க இது?" என்று அழுதாள் சிணுங்கி.

கொட்டாவி உற்றுப் பார்த்தான். "விக்கல்" என்றான். பிறகு தூங்கிவிட்டான்.

மற்ற முட்டைகளும் கிறுக்கலாகவே வந்தன. ஆனால் விக்கல் முட்டை அளவுக்கு அசிங்கமாக எதுவும் இல்லை. சிணுங்கி எல்லாவற்றையும் ஓர் இலையால் மூடி வைத்தாள். மூடினால் மட்டும் விடுவார்களா?

"சிணுங்கி, உன் முட்டை ஒண்ணைக் கொடேன். வாசல்ல திருஷ்டிக்குக் கட்டணும்" என்று தினமும் எட்டிப் பார்த்துக் கேட்டாள் மினுக்கி. கேட்டுவிட்டுத் தன் முட்டையின் பொட்டைப் பற்றிச் சாயங்காலம் வரைக்கும் பேசினாள். சிணுங்கி ஒவ்வொரு நாளும் தன் முட்டைகளைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழுதாள். எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

இதற்கிடையில் வெல்லவாயிக்கு ஓய்வே இல்லை. காலையில் ஒரு கூடு, ஒரு நாள் விட்டு இன்னொரு கூடு. ஒரு பொட்டு முட்டையை விழுங்குவாள், ஒரு பொட்டு முட்டையை இடுவாள், வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்புவாள். தாய்மார் திரும்பி வருவார்கள். பழக்கம் விடுமா? குனிந்து பார்ப்பார்கள். முன்பெல்லாம் என்னுதா என்று பார்த்தவர்கள், இப்போது பொட்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். பொட்டு இருந்தது. உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏரியில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

"என் முதுகு காய்ஞ்சு கெடக்கு" என்றது ஆமை. "இந்த மாசத்துல இதுவரைக்கும் ஒரு முட்டையும் விழலை. எனக்கு இது சரியாப் படலை."

"முதுகு சுத்தமா இருக்குன்னு குறைப்படுற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்" என்றாள் மினுக்கி. எல்லாரும் சிரித்தார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, உள்ளேயே முணுமுணுத்தது.

கடைசியில் எல்லாக் கூட்டிலும் வெல்லவாயி முட்டை ஒன்று சேர்ந்துவிட்டது, சிணுங்கி கூட்டைத் தவிர. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓசியில் சாப்பிட்டுப் பழகியவளுக்குப் பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தால் பொறுக்குமா?

அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவில் பொட்டு முட்டை பளிச்சென்று தெரியுமே என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். தெரிந்தால் என்ன? பொட்டு முட்டைக்காக ஏங்கிக் கிடக்கிறவள் அதைப் பார்த்தால் கட்டிக்கொள்வாளே தவிர, யாருடையது என்று கேட்பாளா?

சிணுங்கி இரை தேடப் போயிருந்தாள். கொட்டாவி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தான். அதாவது, உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். வெல்லவாயி அவனைத் தாண்டித் தலையை நுழைத்து, அலகுக்கு அகப்பட்ட ஒரு முட்டையை விழுங்கி, தன் முட்டையை நடுவில் இட்டுவிட்டுப் போனாள்.

சிணுங்கி திரும்பி வந்து இலையை விலக்கினாள். அவள் போட்ட சத்தத்தில் கொட்டாவி நாணலிலிருந்து கீழே விழப் பார்த்தான்.

"என்னங்க, எழுந்திருங்க. நான் பொட்டு முட்டை போட்டுட்டேன்."

"எப்போ?"

"தெரியலையே."

"போட்டவளுக்கே தெரியாதா?"

"தூக்கத்துல போட்டிருப்பேன்."

"நீ இப்போ வெளியதானே போயிருந்தே?"

"அப்ப பறக்கும்போது போட்டிருப்பேன்."

"பறக்கும்போது போட்டா அது எப்படிக் கூட்டுக்குள்ள வரும்?"

சிணுங்கி கொஞ்சம் யோசித்தாள். "நல்ல முட்டைங்க. அதுக்கு வீடு தெரியும்."

கொட்டாவிக்கு மேற்கொண்டு கேட்கத் தெம்பு இல்லை. "ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, முதல்ல மினுக்கி அக்காவை, அப்புறம் நடுவரம்மாவை" என்று சிணுங்கி அவனைத் துரத்தினாள். அவன் போனதும் கூட்டுக்குள் குதித்தாள். முட்டையைச் சுற்றி வந்து ஆடினாள். பொட்டை முத்தமிட்டாள். இனிமேல் யார் அவளைத் திருஷ்டிப் பூசணி என்று கேலி செய்வார்கள்?

அப்போதுதான் அவள் கண் மற்ற முட்டைகள் மேல் விழுந்தது. எல்லாரும் வந்து பார்க்கும்போது இந்தக் கிறுக்கல்களும் பக்கத்தில் கிடந்தால் மானம் போகும். சிணுங்கி வாசல் பக்கம் பார்த்தாள். கீழே தண்ணீர். தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒன்றை அலகால் உருட்டி வாசல் விளிம்புவரை கொண்டுவந்தாள். அது இளஞ்சூடாக இருந்தது.

அவள் நின்றாள். முதலில் போகவேண்டியது இது இல்லை. அந்த விக்கல் முட்டைதான் முதலில் போகவேண்டும், அதைப் பார்த்தால்தான் ஊரே சிரிக்கும். இதைத் திரும்பவும் உள்ளே உருட்டிவிட்டு விக்கல் முட்டையைத் தேடினாள்.

அது இல்லை.

ஒவ்வொரு முட்டையாகப் புரட்டினாள். இது இரண்டாவது முட்டை, இந்தக் கோடு மேலே போய்ச் சுருண்டு நிற்கும். இது கடைசி முட்டை, இதற்கு அடிப்பக்கம் ஒரு சிலுவைக் கோடு. விக்கல் முட்டையை மட்டும் காணோம். இலைக்கு அடியில் பார்த்தாள். கூட்டின் நாரைப் பிரித்துப் பார்த்தாள். வாசலுக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள். தூக்கிப் போடத் தேடியவள், இப்போது அழுதுகொண்டே தேடினாள். குதித்துக் குதித்துப் போன அந்தக் கோடும், வால் முளைத்த அந்தக் கறையும் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன. அந்த அசிங்கம் பிடித்த முட்டை அவளுக்கு உடனே வேண்டும்.

அதற்குள் வெளியே ஒரே இரைச்சல். கொட்டாவி எல்லாரையும் கூட்டிவந்துவிட்டான். மினுக்கி முன்னால் நின்றாள். நடுவரம்மா வெல்லவாயி உயரமான ஒரு நாணலில் உட்கார்ந்து அருள்பாலித்தாள். ஒவ்வொருத்தியாகத் தலையை நுழைத்து, "அட, ஆமா, பொட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மினுக்கிக்கு மட்டும் முகம் கொஞ்சம் கறுத்தது.

சிணுங்கி வாசலில் வந்து நின்றாள். "என் விக்கல் முட்டையைக் காணோம்" என்றாள்.

"விட்டுது சனி" என்றாள் மினுக்கி. "இவ்வளவு அழகான முட்டை வந்திருக்கு, அதுக்குப் போய் அழறியே."

"அழகாத்தான் இருக்குக்கா. ஆனா இது யாருன்னு எனக்குத் தெரியலை."

"உன் கூட்டுல இருந்தா உன்னோடதுதானேடி?"

சிணுங்கி திரும்பிப் பொட்டு முட்டையைப் பார்த்தாள். குருவிகள் பார்க்கிற பழைய மாதிரி பார்த்தாள். "என் முட்டை ஒண்ணு போச்சு, இது ஒண்ணு வந்துது. என்னோடதை எடுத்தவங்கதான் இதை வெச்சாங்க. எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே, அதை வாசலுக்கு உருட்டி, ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"அடிப்பாவி" என்று உயரத்திலிருந்து ஒரு குரல் அலறியது. "அந்தப் பொட்டு சரியா விழ நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா? கிளிஞ்சல் தின்னு தின்னு எனக்குத் தொண்டையே புண்ணாப் போச்சு."

கீழே பொளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. "அப்பாடா, வந்துட்டுது" என்றது ஆமை.

நாணலில் சத்தம் நின்றது. கதிர்க்குருவிகள் பேசாமல் இருந்தது அவர்கள் சரித்திரத்திலேயே இது இரண்டாவது முறை.

"நீ முட்டையே போடுறதில்லன்னு சொன்னியே" என்று மினுக்கி மெதுவாகக் கேட்டாள்.

வெல்லவாயி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "எனக்குக் கழுத்து சுளுக்கு" என்று சொல்லிவிட்டு, காட்டின் அந்தக் கோடிக்குப் பறந்து போய்விட்டாள்.

யாரும் அவளைத் துரத்தவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தங்கள் கூட்டு ஞாபகம் வந்துவிட்டது. நாணல் ஒடியும்படி ஓடினார்கள். தலையை நுழைத்துப் பார்த்தார்கள். வெள்ளை முட்டை, சிவப்புப் பொட்டு. பக்கத்திலும் வெள்ளை முட்டை, சிவப்புப் பொட்டு.

நெளிகோட்டுக்காரி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். கடுகுப் புள்ளிக்காரி காதை வைத்துக் கேட்டாள். ஒருத்தி எல்லா முட்டையையும் பார்த்து, "யாருடா என் பிள்ளை, கை தூக்கு" என்றாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தள்ளிவிட்டாள். தள்ளிய பிறகு அதுதான் தன்னுடையதோ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆமை முதுகைக் கழுவக் கழுவ, மேலும் ஒன்று விழுந்தது.

கடைசியில் எல்லாரும் சிணுங்கியிடமே ஓடிவந்தார்கள். மினுக்கிகூட வந்தாள்.

"சிணுங்கி, நீதான் கண்டுபிடிச்சே. என் கூட்டுக்கு ஒரு தடவை வந்து, எது என்னோடதுன்னு சொல்லிட்டுப் போடி. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள்.

சிணுங்கி போனாள். கூடு கூடாக எல்லாக் கூட்டிலும் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு என் முட்டைதான்க்கா தெரியும். உங்களோடது உங்களுக்குத்தானே தெரியணும்?"

எல்லாரும் தங்கள் தங்கள் கூட்டுக்குத் திரும்பிப் போய், எல்லா முட்டை மேலும் உட்கார்ந்தார்கள். அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

முட்டைகள் பொரிந்தன. சிணுங்கி கூட்டில் நெல்லிக்காயைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் வந்தன. பிறந்த அன்றே பேச ஆரம்பித்து, சாயங்காலம் வரைக்கும் பேசின. சிணுங்கி ஒவ்வொன்றுக்கும் ஊட்டிவிட்டு, இல்லாத ஒன்றுக்காகக் கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு, மறுபடி இரை தேடப் போனாள்.

மற்ற கூடுகளில் கூட்டுக்கு ஒரே ஒரு குஞ்சுதான் மிஞ்சியது. அது நாளுக்கு நாள் வளர்ந்தது. கூடு பிதுங்கியது, பிறகு கிழிந்தது. தாய் எங்கே என்று தேடினால், குஞ்சின் தோள்மேல் ஏறி நின்று அதன் வாய்க்குள் தலையை விட்டு ஊட்டிக்கொண்டிருப்பாள். வெளியே வால் மட்டும் தெரியும்.

ஒரு நாள் சிணுங்கியும் கொட்டாவியும் மினுக்கி கூட்டுப் பக்கமாகப் போனார்கள். கூடு இருந்த இடத்தில் ஒரு பெரிய சாம்பல் நிறக் குஞ்சு உட்கார்ந்து, ஏரி அதிரக் கத்திக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் மினுக்கி நின்றுகொண்டிருந்தாள். இறகெல்லாம் பிய்ந்து, ஓடாய்த் தேய்ந்து, எலும்பும் தோலுமாக இருந்தாள். வாலைத் தூக்கக்கூடத் தெம்பு இல்லை.

"வா சிணுங்கி" என்றாள் மூச்சிரைக்க. "பார்த்தியா எப்படி வளர்ந்துட்டான்னு? பார்க்கிறவங்க எல்லாம் சொல்றாங்க, அப்படியே என் சாயல்தானாம்."

கொட்டாவி முதன்முறையாக முழுக் கண்ணையும் திறந்தான். "அக்கா, இது..." என்று வாயெடுத்தான். சிணுங்கி தன் அலகில் இருந்த புழுவைச் சட்டென்று அவன் வாயில் திணித்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "அப்படியே நீங்கதான்."

நீதி: ஊர் மெச்ச உன் அடையாளத்தை அழித்துக்கொண்டால், உன் பிள்ளையை உனக்கே அடையாளம் தெரியாது.